ஆளுக்கு மூன்று வெட்டு

வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால் நசரேனாவுக்குக் கால் தரையில் பாவாது. ஐந்து மணிக்குப் பால் கூட்டுறவின் ஆய்வகத்தைப் பூட்டுவாள். ஐந்தே முக்காலுக்கு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்திருப்பாள். இடது கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், வலது கையில் மாத்தே என்கிற இலைத் தேநீர் குடிக்கும் குடுவை. பஸ் எங்கே போகிறது என்பது இரண்டாம்பட்சம். உவாங்காயோவிலிருந்து கிளம்பி ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பி வரமுடிகிற எந்த ஊரானாலும் சரி, ஒரே ஒரு நிபந்தனைதான்: ஏற்கெனவே போன ஊராக இருக்கக் கூடாது.

அவள் உருகுவேக்காரி. பால் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கிய கையோடு, பதினெட்டு மாத ஒப்பந்தத்தில் பெருவின் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தவள். அவள் பிறந்த சிற்றூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே மோட்டார் சைக்கிளில் ஏறிச் சதுக்கத்தைச் சுற்றும். அதே சதுக்கம், அதே மோட்டார் சைக்கிள், எதிரில் அதே அத்தை மகன். வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. விமானம் ஏறிய அன்றே முடிவு செய்துவிட்டாள், எந்த ஊரிலும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று.

வாடகை அறைச் சுவரில் பெரு நாட்டு வரைபடம் ஒட்டியிருந்தாள். போய்வந்த ஊருக்கெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு. தார்மா, உவாங்காவெலிகா, ஒக்ஸாபாம்பா என்று ஆறே மாதத்தில் இருபத்து மூன்று பொட்டு.

"நீ ஊர் பாக்கப் போறியா, வருகைப் பதிவேட்டுல டிக் போடப் போறியா?" என்பாள் நொயெமி. லிமாக்காரி, அதே ஆய்வகத்தில் வேலை, அதே வீட்டில் பக்கத்து அறை. கிண்டல் செய்வாளே தவிர, பாதி ஊர்களுக்கு அவளும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் இருவரும் பாகா ஏரிக்குப் புறப்பட்டார்கள். ஏரிக்கரையில் வறுத்த மீன் சாப்பிடுவது, பொட்டு வைப்பது, திரும்புவது. திட்டம் அவ்வளவுதான். ஹௌஹா ஊரைத் தாண்டி, புக்காபாம்பா என்ற கிராமத்துக் கீழ்த்தெரு முனையில் வேன் நின்றுவிட்டது. ஓட்டுநர் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் நசரேனா.

"ரோட்டுல மரம் நிக்குதே, பாக்கலியா? விழுந்தாத்தான் போகலாம்."

மரம் நின்றது, நட்டநடுத் தெருவில். காலையில்தான் குழி தோண்டி நட்ட தைலமரம். கிளையெல்லாம் கம்பளிகளும் பிளாஸ்டிக் வாளிகளும் அலுமினியச் சட்டிகளும் பலூன்களும் தொங்கின. அதைச் சுற்றி முப்பது ஜோடிகள் கை கோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பூவேலைப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியும், ஆண்கள் கோட்டும் டையும். சாக்ஸபோன் கூட்டம் ஒருபக்கம் மூச்சு விடாமல் ஊதியது. எல்லார் முகத்திலும் முகப்பவுடர் அப்பியிருந்தது. ஒவ்வொரு ஜோடியாக நடுவுக்கு வந்து, ஆளுக்கு மூன்று வெட்டு கோடரியால் வெட்டிவிட்டு, மறுபடி வட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

நசரேனாவுக்கு உள்ளங்கால் துறுதுறுத்தது. ஏரியாவது மீனாவது!

அவள் ஓரத்தில் நின்று தாளத்துக்குத் தோளை ஆட்டிக்கொண்டிருந்தபோது, வட்டத்தில் ஆடிய ஒருத்தி கால் பிசகி உட்கார்ந்தாள். எர்மெலிண்டா என்று பெயர், நாற்பது வயது, நல்ல கனத்த சரீரம். அவளுடன் ஜோடியாக ஆடியது அவள் தம்பி வில்பர். ஹௌஹாவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவன். ஜோடி இல்லாமல் வட்டத்தில் நிற்கக் கூடாது. எர்மெலிண்டா தரையில் உட்கார்ந்தபடியே கண்ணைச் சுழற்றினாள். மழைக்கோட்டும் மலையேறும் பூட்ஸுமாய், பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்த நெட்டச்சி கண்ணில் பட்டாள்.

"ஏம்மா, நீதான்! வா இங்க. என் தம்பியோட ஆடு."

"எனக்கு ஆடத் தெரியாதே!"

"இப்ப என்ன பண்ணிட்டிருந்த? அதையே பண்ணு."

தொப்பி ஒன்று நசரேனாவின் தலையில் ஏறியது. யாரோ கன்னத்தில் பவுடரைப் பூசினார்கள். மூவாயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்க வாங்க அவள் சுற்றினாள், சிரித்தாள், பிளாஸ்க்கோடு ஆடினாள். நடுவுக்கு வரும் முறை வந்தபோது பிளாஸ்க்கை நொயெமியின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். நொயெமியின் வாய் நிறையச் சோளமும் பாலாடைக்கட்டியும். அவள் ஏதோ சொல்ல வந்ததைச் சோளம் விழுங்கிவிட்டது.

வில்பர் முதலில் வெட்டினான். வெட்டினான் என்று சொல்வது கோடரிக்கு அவமானம். தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் மூன்று முறை தொட்டான். பிறகு கோடரியை அவளிடம் நீட்டி, காதோரம் குனிந்து சொன்னான்.

"மெதுவா, இன்ஜினியரம்மா. மெதுவா."

பெருவில் பட்டம் வாங்கியவர்கள் எல்லாருமே இன்ஜினியர்தான். அதில் அவளுக்கு வருத்தமில்லை. 'மெதுவா' என்றானே, அதுதான் சுருக்கென்றது. பெண்பிள்ளைக்குக் கோடரி பிடிக்கத் தெரியாது என்று நினைத்தானோ? அவள் வீட்டில் ஞாயிறுதோறும் கறி வாட்டும் அடுப்புக்கு விறகு பிளந்தது யார்? அண்ணன்மாரா? அவன்கள் தூங்குவான்கள். பத்து வயதிலிருந்து அவள்தான். கல்போன்ற மரத்தையெல்லாம் பிளந்த கை அது.

காலை அகட்டி நின்றாள். உள்ளங்கையில் துப்பிக்கொண்டாள். முதல் வெட்டில் சில்லு பறந்தது. சாக்ஸபோன்காரர் ஒருவர் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டாவதில் மரம் முனகியது. "ஐயையோ, வேண்டாம்!" என்று வில்பர் கையை நீட்டினான், மூன்றாவது அதற்குள் இறங்கிவிட்டது.

தைலமரம் வாளியும் கம்பளியுமாகச் சடசடவென்று சாய்ந்தது.

அடுத்த நொடி கூட்டம் பாய்ந்து, கிளைகளில் தொங்கியதையெல்லாம் பிய்த்துக்கொண்டது. பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. ஒவ்வொருவராக வந்து நசரேனாவைக் கட்டிப்பிடித்தார்கள், பவுடர் பூசினார்கள், கழுத்தில் வண்ணக் காகிதச் சுருளை மாட்டினார்கள். அவள் வாழ்நாளில் இத்தனை பேர் கட்டிப்பிடித்ததில்லை. எவ்வளவு அன்பான ஜனங்கள் என்று அவளும் திருப்பித் திருப்பிக் கட்டிக்கொண்டாள்.

எர்மெலிண்டா நொண்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மாடி, அடுத்த வருஷத்துக்கு எந்த இசைக்குழுவைப் பேசப்போறீங்க?"

"நானா? நான் எதுக்குப் பேசணும்?"

"மரத்தைச் சாய்ச்ச ஜோடிதானே அடுத்த வருஷம் மரம் நடணும்? நீயும் வில்பரும்."

நசரேனா திரும்பி நொயெமியைப் பார்த்தாள். "இது உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாம என்ன, சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அதான் எல்லாரும் சும்மா தொட்டுட்டு வர்றாங்க. நீயும் தொடுவேன்னு நெனச்சேன். நெசமாவே யாருடி வெட்டுவா?"

வில்பர் விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தான். "எட்டு வருஷம்," என்றான். "எட்டு வருஷமா இந்தத் தெரு மரத்தைத் தடவிக் குடுத்துட்டு வரேன். ஒரு செதில் விழுந்தது கெடையாது."

நசரேனா திரும்பிப் போகும் வேனில் வயிறு வலிக்கச் சிரித்தாள். தன் ஒப்பந்தம் அடுத்த பிப்ரவரியோடு முடிகிறது, அதற்கப்புறம் நியூசிலாந்து என்பது படிக்கும்போதே போட்ட கணக்கு. பால் படித்த உருகுவே பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் கனவு. அதற்குள் இந்த ஊர் அவளை மறந்துவிடும் என்று நினைத்தாள். வரைபடத்தில் புக்காபாம்பாவுக்கு ஒரு பொட்டு வைத்தாள், அதோடு தலைமுழுகிவிட்டதாகவே எண்ணினாள்.

ஊர் மறக்கவில்லை. மூன்றாம் நாள் ஆய்வக வாசலில் எர்மெலிண்டா நின்றாள், கட்டுப்போட்ட காலோடு, கையில் உயிருள்ள கினிப்பன்றி ஒன்றோடு. கினிப்பன்றி அன்பளிப்பு. பேச்சு மட்டும் அன்பளிப்பாக இல்லை.

"இங்க பாரு, அம்மாடி. முந்தாவருஷம் மரத்தைச் சாய்ச்ச ஜோடி இத்தாலிக்கு வேலைக்குப் போயிடுச்சு. போன வருஷம் எங்க தெருவுல மரம் நிக்கல. மேல்தெருக்காரன் பாட்டுக் கட்டிப் பாடுறான், கீழ்த்தெருவுல நடறதுக்கு ஒரு குச்சிகூட இல்லன்னு. இந்த வருஷம் ஆளாளுக்கு முட்டிமோதி ஒரு மரம் நட்டோம். இன்னொரு தடவ தவறுச்சுன்னா மரம் நடற எங்க ஞாயித்துக்கிழமை மேல்தெருவுக்குப் போயிடும். ஊர்க்கூட்டத்துல எழுதிட்டாங்க. அப்புறம் திரும்ப வராது."

"வில்பர் மட்டும் நடலாமே, அக்கா?"

"ஒத்த ஆளு நட்டா அது மரமில்ல, கம்பம். ஜோடியா வீடு வீடாப் போயி, மரத்துல மாட்ட என்ன குடுப்பீங்கன்னு நேர்ல கேக்கணும். போன்ல கேட்டா ஒருத்தரும் ஒரு டம்ளர்கூடக் குடுக்கமாட்டாங்க. வர்ற சனிக்கிழமை ஆரம்பிக்கணும். வர்றியா, இல்ல இத்தாலியா?"

"நியூசிலாந்து," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள் நசரேனா.

எர்மெலிண்டாவின் முகம் சுண்டிப்போனது. கினிப்பன்றியை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தாள். அந்த நொண்டல் நடையைப் பார்க்கப் பார்க்க நசரேனாவுக்குப் பொறுக்கவில்லை. மரத்தை வெட்டச் சொன்னது யார், வெட்டியது யார்? வெட்டியது அவள்தானே! வாசல்வரை ஓடினாள்.

"சனிக்கிழமை எத்தன மணிக்கு?"

அப்படித்தான் நசரேனாவின் கொள்கை காற்றில் பறந்தது. முதல் சனிக்கிழமை பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வேண்டும், உருளைக்கிழங்கு தின்ன வேண்டும், மாட்டுக்கு மடிவீக்கம் என்றால் பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசியில்தான் மரத்துக்கு என்ன தருவார்கள் என்று கேட்கலாம். நான் மாட்டு டாக்டர் இல்லை, பால்தான் படித்தேன் என்று அவள் எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. பால் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

வில்பர் பேச்சில் மன்னன். கேட்பதில் மட்டும் கோழை.

"நீ கேளு, இன்ஜினியர். நீ வெளியூரு. உன்ன மறுக்கமாட்டாங்க."

"நீதான இந்த ஊருக்காரன்?"

"அதான் பிரச்சினை. இந்த வீட்டு மாமா போன வாரம் என் கடையில தலையக் குடுத்தாரு. காதுகிட்ட கொஞ்சம் தூக்கிட்டேன்."

"எட்டு வருஷமா மரத்துல செதில் விழல, மனுஷன் தலையில விழுந்துருச்சா?"

இப்படிச் சண்டையும் சிரிப்புமாக மார்ச் போனது, ஏப்ரல் போனது. பிளாஸ்க்கைப் பிரியாத அவளுக்குத் தெரு 'பிளாஸ்க்கம்மா' என்று பெயர் வைத்தது. ஒவ்வொரு முறை போய்வந்ததும் வரைபடத்தில் பழைய பொட்டின் பக்கத்திலேயே இன்னொரு பொட்டு வைத்தாள். ஆகஸ்டுக்குள் புக்காபாம்பாவுக்கு அம்மை போட்டுவிட்டது; பக்கத்து ஏரிகூடத் தெரியவில்லை. அந்த ஏரிக்கு அவள் இன்னும் போகவே இல்லை.

ஒரு சனிக்கிழமை மழையில் நனைந்து, வில்பரின் கடையில் ஒதுங்கினார்கள். நெற்றிமுடி கண்ணில் விழுகிறது என்று அவள் சலித்துக்கொண்டாள். அவன் நாற்காலியைத் தட்டினான். துணியைப் போர்த்தினான். கண்ணாடியில் அவளைப் பார்த்து, கத்தரியை உயர்த்தி, பெரிய மனுஷத் தோரணையில் கேட்டான்.

"எவ்வளவு வெட்டணும்?"

"ஒரு விரல்."

மிகச் சரியாக ஒரு விரல் வெட்டினான். மயிரிழை கூடுதலில்லை, குறைவுமில்லை. அந்த விரல்கள் நெற்றியில் பட்டு எடுத்ததில் நசரேனாவுக்கு உடம்பெல்லாம் பறப்பதுபோல் இருந்தது. உயரத்தால் வருகிற தலைச்சுற்றல் என்று சொல்லிக்கொண்டாள். மலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உயரத்தால் வர நியாயமில்லை.

செப்டம்பரில் நியூசிலாந்து விசா வந்தது. மார்ச் ஐந்தாம் தேதிக்குள் அந்த நாட்டில் கால் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விசா காலாவதி. மறுபடி கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. மரம் சாய்கிற ஞாயிறு பிப்ரவரிக் கடைசியில் வந்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கு டிக்கெட் எடுத்தாள். வாக்கையும் காப்பாற்றியாயிற்று, கனவையும் காப்பாற்றியாயிற்று என்று நொயெமியிடம் பெருமையடித்தாள்.

"ஆமாடி, ரொம்ப சாமர்த்தியம்," என்றாள் நொயெமி. "கூட்டுறவுல இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் காயிதம் குடுத்தாங்களே, அத ஏன் கிழிக்காம வெச்சிருக்க?"

"மாத்தே குடுவைக்கு அடியில வைக்க."

வில்பரிடம் சொன்னபோது அவன் மிக நன்றாகப் பேசினான். நல்ல நாடு, நல்ல சம்பளம், நல்ல மாடு. பேசி முடித்து, கடையில் உட்கார்ந்திருந்த ஆளின் மீசையைப் பாதி எடுத்துவிட்டான். அந்த ஆள் மீசை எடுக்க வந்தவரே இல்லை.

மரம் நடும் ஞாயிறு வந்தது. நசரேனா அதிகாலையே எழுந்து எர்மெலிண்டாவின் பூவேலைப் பாவாடையை உடுத்தினாள். இடுப்பில் மூன்று சுற்றுச் சுருட்டியும் நிற்காமல், ஆறு ஊக்கு குத்தினாள் எர்மெலிண்டா. வாயில் ஊக்கை வைத்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

"செவ்வாய்க்கிழமை எத்தன மணிக்கு விமானம்?"

"காலையில, அக்கா."

"சாப்பிட ஏதாவது கட்டித் தரேன். அங்க உருளைக்கிழங்கு நல்லாருக்காதாம்."

இருபத்து மூன்று ஊர்களில் ஒருத்தர்கூட, எப்போது திரும்பி வருவாய் என்று அவளைக் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதே சுகம் என்று இருந்தவள்தான். இங்கே இருபது நிமிஷம் தாமதமாக வந்தால் தெருவே கோபித்துக்கொள்கிறது. அந்தக் கோபத்தை நினைத்ததும் அவளுக்குக் கண் நிறைந்தது. பவுடர் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள்.

மரம் அமர்க்களமாக நின்றது. நாற்பத்தொரு வாளி, பத்தொன்பது கம்பளி, ஒரு தையல் இயந்திரப் பெட்டிகூட. மேல்தெருக்காரர்கள் பார்க்க வந்து பாடாமல் நின்றார்கள். நசரேனாவும் வில்பரும் முதல் வெட்டை வெட்டி ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள், சும்மா தொட்டார்கள். அதன்பின் ஜோடி ஜோடியாகத் தொட்டுக்கொண்டே போக, பொழுது சாய்ந்தது. கோடரி மறுபடி அவர்களிடம் வந்தபோது மரம் ஒரு கையளவு தண்டில் நின்றுகொண்டிருந்தது. பார்த்தவுடனே அவள் விறகுக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது: இனி இரண்டு நல்ல வெட்டு போதும். தொட்டுவிட்டு விலகினால் பின்னால் வரும் ஜோடியில் எவராவது மாட்டிக்கொள்வார்கள். அவள் சுதந்திரப் பறவை.

வில்பரும் அதைப் பார்த்துவிட்டான். கோடரியை அவளிடம் கொடுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மெதுவா, இன்ஜினியரம்மா. உன் நல்லதுக்குத்தான்."

அவள் இரண்டு முறை மெதுவாகத் தொட்டாள். கூட்டம் பெருமூச்சு விட்டது. ஓரத்தில் எர்மெலிண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நசரேனா காலை அகட்டினாள். உள்ளங்கையில் துப்பிக்கொண்டாள்.

"நசா!" என்று கத்தினாள் நொயெமி. "செவ்வாய்க்கிழமை!"

மூன்றாவது வெட்டு தண்டுக்குள் ஆழ இறங்கியது. சில்லு பறந்து சாக்ஸபோனுக்குள் விழுந்தது. மரம் ஆடியது, வாளிகள் மோதிக்கொண்டன. ஆனால் விழவில்லை. மூன்று முடிந்துவிட்டது; நாலாவதுக்கு அவளுக்கு உரிமையில்லை. வில்பரின் மூன்று வெட்டு பாக்கி. மூச்சிரைக்க, தொப்பி சரிய, கோடரியை அவனிடம் நீட்டினாள். இப்போது அவன் தொட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது? எட்டு வருஷப் பழக்கமாயிற்றே. இந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் தனக்கு வேண்டாம் என்று அப்போதுதான் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

வில்பர் கோடரியை வாங்கினான். மரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் முகம் காதுவரை சிவந்தது. கண்ணாடி முன் நிற்கும் அதே தோரணையில், ஆனால் குரல் நடுங்க, கேட்டான்.

"எவ்வளவு வெட்டணும்?"

"மொத்தமும்," என்றாள் நசரேனா.

அவன் ஓங்கிய வேகத்தில் கோட்டின் தையல் முதுகில் பிரிந்தது. முதல் வெட்டு தப்பிப் பக்கவாட்டில் போனது. ஜனங்கள் ஐந்தடி பின்னால் குதித்தார்கள். இரண்டாவதில் மரம் சாய்ந்தது. கோடரியும் மரமும் அவனுமாகச் சேர்ந்தே விழுந்தார்கள். அவனைத் தூக்கப் போன நசரேனாவும் விழுந்தாள். நாற்பத்தொரு வாளிகளுக்கு நடுவே கிடந்து இருவரும் மூச்சுவிட முடியாமல் சிரித்தார்கள். சுற்றிலும் ஜனங்கள் கம்பளிகளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். நொயெமி தலையிலடித்துக்கொண்டு, மிச்சமிருந்த பவுடர் முழுவதையும் அவர்கள்மேல் கொட்டினாள்.

எர்மெலிண்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கால் எப்போதோ சரியாகிவிட்டிருந்தது, அழுகையில்தான் தடுமாறினாள். இடுப்பில் கை வைத்து நின்று, முடிந்தவரை கறாராகக் கேட்டாள்.

"அப்ப அடுத்த வருஷத்துக்கு எந்த இசைக்குழு?"

"இவங்க வேண்டாம், அக்கா," என்றாள் நசரேனா, கவிழ்ந்த வாளி ஒன்றைத் தலையிலிருந்து எடுத்தபடி. "சாப்பாட்டுக்கப்புறம் கிளாரினெட்காரர் தூங்கிட்டாரு, நான் பாத்துட்டேதான் இருந்தேன். சனிக்கிழமை வரேன், வேற ஆளப் பேசிடலாம்."